கொள்ளிடத்தின் நடுவே நம் மக்கள்: ஒரு தீவுப் பங்கின் நிலமும் வரலாறும்



மேட்டூர் அணை நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்தால் டெல்டா மக்களாகிய நமக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். நாற்றங்கால், உழவு, விதைநெல் என்று மனம் ஓடத் தொடங்கும். ஆனால் அந்தச் செய்திக்குப் பின்னாலேயே இன்னொரு அறிவிப்பும் வரும். "உபரிநீர் கொள்ளிடத்தில் திறந்து விடப்படுகிறது, கரையோர மக்களும் தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்களும் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." முன்பு தண்டோரா போட்டார்கள். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறார்கள். ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவிப்புகளோடு அறிவிப்பாக நானும் இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன்.

அப்படி வாசித்த ஒரு நாள், திருப்பலி முடிந்ததும் ஒரு வயதான அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "சாமி, உபரிநீர்னா மிச்சத் தண்ணின்னுதானே அர்த்தம்? எல்லாருக்கும் போக மிச்சமா வர்றதுதான் எங்க வீட்டுக்குள்ள வருதா?" அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்குத் தாமதமாக வரும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவு என்றால் எது?

தீவு என்றவுடன் நம் நினைவுக்கு இராமேசுவரமோ, கச்சத்தீவோ, யாழ்ப்பாணத்து நெடுந்தீவோதான் வரும். ஆற்றிலும் தீவு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம், தெற்கே செல்வது காவிரி. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நிலம்தான் திருவரங்கத் தீவு. கல்லணை அருகே இரு ஆறுகளும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. பிறகு விலகுகின்றன. அங்கிருந்து கடல் வரை வடக்கே கொள்ளிடமும், தெற்கே காவிரியும், கிழக்கே வங்காள விரிகுடாவும் சூழ்ந்திருக்கும் நிலத்தைத் தண்ணீர் கடக்காமல் எந்தப் பக்கமும் தாண்ட முடியாது. இந்த நீண்ட நிலத்தின் மேற்கு மூலையில், இரு ஆறுகளும் இன்னும் அதிகம் விலகாத குறுகிய பகுதியில்தான் நம் பூண்டி மாதா பேராலயம் நிற்கிறது. பேருந்தில் வருகிற திருப்பயணிகளுக்குப் பாலங்கள் இருப்பதால் இது தெரிவதில்லை. பாலம் இல்லாத காலத்தில் அங்கே பங்குப்பணி செய்தவர்களுக்கு அது தீவுப் பங்குதான்.

இந்தப் பெரிய தீவைத் தவிர, கொள்ளிடத்தின் நடுவிலேயே சிறு தீவுகளும் உண்டு. ஆறு பரந்து ஓடும் இடங்களில் மணலும் வண்டலும் சேர்ந்து மேடாகி, காலப்போக்கில் நாணலும் கோரையும் முளைத்து, பின்னர் மனிதர் குடியேறிய நிலங்கள் இவை. அரியலூர் மாவட்டத்து இராமநல்லூர் அப்படிப்பட்ட ஊர். கீழணை கட்டப்பட்ட அணைக்கரையில் ஆறு இரு கிளையாகப் பிரிந்து ஊரை நடுவில் வைத்து ஓடுகிறது. இன்னும் கிழக்கே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல், கோரைத்திட்டு என்று வரிசையாகத் திட்டுக் கிராமங்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கொடியம்பாளையம். பெயர்களைக் கவனியுங்கள். படுகை, மேடு, திட்டு, மணல். அந்த ஊர்களின் புவியியல் முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

அங்கே ஏன் போய்க் குடியிருக்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. காரணம் எளிது. ஒவ்வொரு வெள்ளமும் விட்டுச் செல்லும் வண்டலால் படுகை மண் பொன் விளையும் மண். வாழை, கரும்பு, கத்தரி, வெண்டை, பூ என்று உரம் அதிகம் கேட்காமல் விளையும். மேட்டு நிலமும் நஞ்சையும் வேறு கைகளில் இருந்தபோது, நிலமில்லாத ஏழைக்கு ஆறு கொடுத்த நிலம் அது. ஆறு கொடுத்ததை ஆறே ஒருநாள் கேட்கும் என்று தெரிந்தேதான் அங்கே குடியேறினார்கள். வேறு இடம் இருந்தவர்கள் யாரும் திட்டில் வீடு கட்டவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கொள்ளும் இடம்

கொள்ளிடம் என்ற பெயருக்கு "வெள்ளத்தைக் கொள்ளும் இடம்" என்று நம் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். இந்தப் பொருளுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

காவிரியைவிடக் கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழி. அதன் படுகையும் தாழ்வானது. தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஆகவே பிரியும் இடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் ஆழமாகும், காவிரி மணல் மூடும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் காத்து நின்றது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக்கொம்பிலேயே பெரும்பகுதித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் போய், தஞ்சைத் தரணி வறண்டுவிடும் நிலை வந்தது. அப்போதுதான் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1836ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டுவித்தார். மேலணை தண்ணீரைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பியது. கீழணை கொள்ளிடத்தில் வருவதைத் தேக்கி வாய்க்கால்களுக்கும் வீராணம் ஏரிக்கும் கொடுத்தது. 1934ல் மேட்டூர் அணை வந்தது.

இந்த ஏற்பாட்டின் பொருளைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம். சாதாரண நாளில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். தாங்க முடியாத வெள்ளம் வந்தால் அது கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். தஞ்சாவூரும் கும்பகோணமும் மயிலாடுதுறையும் பெருவெள்ளத்தில் மூழ்காமல் தப்புவது, அந்த வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால்தான். கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது என்றால், அதன் நடுவிலும் ஓரத்திலும் இருக்கும் மக்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். வயலுக்கு வேண்டிய நாளில் அவர்களுடைய ஆற்றில் மணல் மட்டுமே கிடக்கும். வயலுக்கு வேண்டாத தண்ணீர் வந்தால் அவர்களுடைய ஆறு நிரம்பும். ஆக, அந்த அம்மா கேட்டது சரிதான். மற்றவர்களுக்கு மிச்சமானதுதான் அவர் வீட்டுக்குள் வருகிறது.

இது யாருடைய சதியும் அல்ல. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் ஏற்பாடு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பலருடைய நன்மைக்காகச் சிலர் ஒரு சுமையைச் சுமக்கிறார்கள் என்றால், அந்தச் சிலருக்கு மற்றவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். வெள்ள நாளில் கொடுக்கும் அரிசியையும் பாயையும் தருமம் என்று நாம் எண்ணக் கூடாது. அது கடனில் ஒரு சிறு தவணை.

அடைக்கலம் தந்த ஆறு

நம் விசுவாச வரலாற்றிலும் இந்த ஆற்றுக்கு இடம் உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே கொள்ளிடக் கரையோரம் நற்செய்தி அறிவித்தார்கள். பின்னர் 1693ல் ஓரியூரில் மறைசாட்சியாக இறந்த புனித அருளானந்தரின் தொடக்ககாலப் பணித்தளங்களும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அந்நாளில் கொள்ளிடம் இரு அரசியல் எல்லைகளின் நடுவே ஓடியது. தென்கரையில் தஞ்சை மராட்டியரின் ஆட்சி. வடகரையில் அரியலூர் மழவராயர் போன்ற பாளையக்காரர்கள்.

1701ஆம் ஆண்டு தஞ்சை அரசில் பெரும் வேதகலாபனை எழுந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் சிறைப்பட்டனர். கிறிஸ்தவர்கள் பலர் ஆற்றைக் கடந்து வடகரைக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்களில் ஒன்றுதான் ஏலாக்குறிச்சி. பின்னாளில் அங்கு வந்து பணியாற்றிய வீரமாமுனிவர் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்றும், அங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்றும் பெயரிட்டார். இத்தாலியில் 1680ல் பிறந்து, தமிழில் தேம்பாவணி என்ற பெருங்காப்பியம் பாடிய அந்த மாமனிதர், இந்த அன்னை மீதும் கலம்பகம் பாடினார். அடைக்கலம் என்ற சொல் அங்கே வெறும் பக்திச் சொல் அல்ல. ஓடி வந்தவர்களின் ஈரத்துணியோடு ஒட்டிய சொல்.

அந்த ஓட்டத்தில் நாம் மறந்துவிட்ட ஒருவர் உண்டு. ஆற்றைக் கடக்க வேண்டுமானால் பரிசலோ ஓடமோ வேண்டும். ஆழம் எது, புதைமணல் எது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தத் துறைகாரர்களும் படுகைவாசிகளும் யார், என்ன சாதி, என்ன மதம் என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதியில், கப்பல் உடைந்து மால்த்தாத் தீவில் கரை சேர்ந்த பவுலையும் உடன் வந்தோரையும் அந்தத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்றதை வாசிக்கிறோம். மொத்தம் 276 பேர். மழையும் குளிருமான நேரம். வந்தவர்கள் கைதிகளா, காவலர்களா, எந்த மதத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. திருவிவிலியத்தில் தீவு மக்கள் உதவி கேட்டு நிற்பவர்களாக வரவில்லை, உதவி செய்பவர்களாக வருகிறார்கள். நம் கொள்ளிடத்துத் தீவு மக்களையும் நாம் இந்தக் கண்ணோடுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தென்கரையில் பூண்டியில் வீரமாமுனிவர் கோவில் எழுப்பினார் என்பது நம் மரபு. 1955 முதல் 1972ல் இறைவனடி சேரும் வரை அங்கே பங்குத்தந்தையாக இருந்த இறை ஊழியர் லூர்து சேவியர் அடிகளாரின் செபத்தாலும் உழைப்பாலும் அந்தச் சிற்றூர்க் கோவில் பெரும் திருத்தலமாக வளர்ந்தது. 1999ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். 1899ல் புதுச்சேரியிலிருந்து பிரிந்து உருவான குடந்தை மறைமாவட்டம் கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் பரவியிருக்கிறது. வடகரையில் ஏலாக்குறிச்சி, தென்கரையில் பூண்டி, நடுவில் ஆறு. நம் வரைபடத்தில் இந்த ஆறு எல்லைக்கோடாக இல்லாமல் நடுக்கோடாக இருப்பதை நான் இறைவனின் ஏற்பாடாகவே பார்க்கிறேன். எல்லையில் இருப்பதை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். நடுவில் இருப்பதை அப்படி விட முடியாது.

கடந்த சில ஆண்டுகள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் திறக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை பெய்தது. மேட்டூர் நிரம்பியது. கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டது. திருச்சியில் 1928ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற அணை அது. பின்னர் அதன் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டுவிட்டது.

அந்த ஆகஸ்டில் நான் இருந்த பங்கிலும் பள்ளிக் கட்டடத்தைத் திறந்து மக்களைத் தங்க வைத்தோம். அன்பியத்தார் பொங்கிப் போட்டார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் போர்வை கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் எங்களுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. ஆனால் ஒரு பெரியவர் மட்டும் வரவில்லை. இரண்டு ஆட்டோடு கூரை மேல் உட்கார்ந்திருந்தார். தீயணைப்புத் துறையினர் படகில் போய்க் கூப்பிட்டபோது, ஆட்டையும் ஏற்றினால்தான் வருவேன் என்றார். கரையில் நின்ற நாங்கள் சிரித்தோம். பிறகுதான் புரிந்தது. அந்த ஆடுகளும் தண்ணீருக்குள் நின்ற வாழையும்தான் அவருடைய சொத்து முழுவதும். உயிரைக் காப்பாற்ற நாங்கள் போனோம். பிழைப்பைக் காப்பாற்ற அவர் உட்கார்ந்திருந்தார்.

2022லும் திட்டுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. 2024ல் நடந்தது இன்னும் விந்தையானது. அந்த ஆண்டு மேட்டூரில் தண்ணீர் போதாததால் வழக்கமான ஜூன் 12ல் அணை திறக்கப்படவில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை கைநழுவியது. ஜூலை 28ல் திறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. அடுத்த சில நாட்களில் கொள்ளிடத்தில் லட்சம் கனஅடிக்கும் மேல் ஓடியது. திருச்சியில் ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. திட்டுக் கிராமங்களில் மறுபடியும் தண்ணீர். ஜூன் மாதம் தண்ணீர் இல்லை என்று அழுத அதே டெல்டா, ஆகஸ்டில் தண்ணீரில் நின்றது. 2025ல் குறித்த நாளில் அணை திறக்கப்பட்டது. அந்த மாத முடிவிலேயே அணை நிரம்பியும் விட்டது.

ஒரு சிறு கணக்கு பார்ப்போம். ஆற்றில் ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 1 லட்சம் கனஅடி ஓடினால் அது 8.64 டி.எம்.சி. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதாவது 11 நாள் அப்படி ஓடினால் ஒரு முழு மேட்டூர் அணை கடலுக்குப் போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு டி.எம்.சி.க்காகவும் நாம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினோம். கடலுக்குப் போகும் தண்ணீர் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆறு கடலைத் தொடாவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும், மீன்வளம் குன்றும், கடற்கரை அரிக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் கொஞ்சமாக ஓட வேண்டியது, சில வாரங்களில் மொத்தமாக ஓடி, வழியில் இருப்பவரை அடித்துக்கொண்டு போவது இயற்கையின் நியதி மட்டும் அல்ல. நம் கை அதில் இருக்கிறது.

மணல்

அந்தக் கையின் இன்னொரு வேலை மணல். மழைமலையிலிருந்து வரும் மணலும் வண்டலும் பெரும்பாலும் மேலே உள்ள அணைகளிலேயே தங்கிவிடுகின்றன. கீழே புதிதாக வருவது குறைவு. இருப்பதையும் பொக்லைன் வைத்து அள்ளினால் ஆறு பள்ளமாகும். பள்ளமானால் என்ன? பாசன வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. நிலத்தடி நீர் இறங்கும். கடல் பக்கத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறும். பாலத்துத் தூண்களின் அடி தெரியும். வெள்ளம் வரும்போது பள்ளமான ஆறு கரையை அடியில் குடையும். திட்டு ஓரமாக ஓரமாக இடிந்து விழும். மணல் என்பது ஆற்றின் பஞ்சுமெத்தை மாதிரி. தண்ணீரை உறிஞ்சி வைத்து வெயில் காலத்தில் கொடுப்பதும் அதுதான். வேதாரண்யம் பகுதிக்கும் இராமநாதபுரம் பகுதிக்கும் குடிநீர் போவது இந்தக் கொள்ளிடத்து மணலுக்குள் ஊறும் தண்ணீரிலிருந்துதான்.

திருமானூர் பக்கத்து மக்கள் மணல் குவாரி வேண்டாம் என்று தெருவில் இறங்கிப் போராடியதை நாம் அறிவோம். 2023 செப்டம்பரில் மத்திய அமலாக்கத் துறை தமிழகத்து மணல் குவாரிகளில் சோதனை நடத்தியது. இவற்றைப் பற்றிப் பேசும்போது அரசியல்வாதிகளையும் லாரிக்காரர்களையும் மட்டும் சாடுவது நமக்குச் சுலபம். ஆனால் ஒரு குருவாக நான் என் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கடந்த 30 ஆண்டுகளில் நம் பங்குகளில் எழுந்த கோபுரங்கள், சமூகக் கூடங்கள், பள்ளி மாடிகள், திருப்பயணிகள் விடுதிகள் எல்லாம் எந்த மணலில் எழுந்தன? நானும் கோவில் கட்டியிருக்கிறேன். லோடு மணல் இறங்கும்போது நல்ல மணலா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் படுகையிலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆற்றோரத்து ஏழையின் திட்டு கரைந்துதான் என் கோபுரம் உயர்ந்ததோ என்ற எண்ணம் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட "லவுதாத்தோ சி" சுற்றுமடலில், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறு வேறு அல்ல என்று கற்பித்தார். கொள்ளிடக் கரையில் நின்று பார்த்தால் அந்தப் போதனைக்கு விளக்கம் தேவைப்படாது.

எளிதான பதில் இல்லை

அப்படியானால் என்ன செய்யலாம்? "கொள்ளிடத்தில் சில கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பணை கட்டு" என்பது விவசாயச் சங்கங்களின் நீண்டகாலக் கோரிக்கை. ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கதவணை என்பது பல ஆண்டு பேசப்பட்டுப் பணியாகவும் எழுந்தது. தண்ணீர் தேங்கினால் நிலத்தடி நீர் உயரும், உப்புநீர் பின்வாங்கும். நல்லதுதான். ஆனால் தேங்கும் தண்ணீர் படுகை நிலத்தை ஆண்டு முழுவதும் மூடினால், அங்கே பயிரிட்டுப் பிழைத்தவர் எங்கே போவார்? ஒரு திட்டம் யாருக்கு நன்மை என்று கேட்கும்போதே யாருடைய நிலத்தில் தண்ணீர் நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

"அவர்களைக் கரையில் குடியேற்றிவிடு" என்பது இன்னொரு பதில். பாதுகாப்பான மனையும் வீடும் கொடுப்பது தேவைதான். ஆனால் வீடு கரைக்கு வந்தாலும் வயல் திட்டில்தான் இருக்கும். நிலத்தை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தவர் கூலி தேடித் திருப்பூருக்குத்தான் போவார். படுகை நிலம் பலருக்குப் பட்டா இல்லாத நிலம். குத்தகைக்குப் பயிரிடுபவர்களும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர் இழப்பீடு கிடைப்பது அரிது. வெள்ளத்தில் அதிகம் இழப்பவரும் நிவாரணத்தில் குறைவாகப் பெறுபவரும் ஒரே ஆளாக இருக்கிறார்.

ஆகவே அவர்களுக்காக நாம் முடிவு செய்வதைவிட, அவர்களோடு உட்கார்ந்து கேட்பது முதல் படி. என் அனுபவத்தில் அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் திறக்கும் முன் பொருளை ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு நேரம் கொடுத்துச் சொல்லுங்கள். கால்நடையையும் ஏற்றும் படகு கொடுங்கள். திட்டிலேயே உயரமான ஒரு கட்டடம் கட்டுங்கள். பயிரிட்டவன் பெயரைப் பதிந்து இழப்பீடு கொடுங்கள். கரையோரம் மணல் அள்ளாதீர்கள். அழகியமணவாளத்திலிருந்து மேலராமநல்லூருக்குப் பாலம் வந்தபின் அந்தத் தீவின் வாழ்க்கை எப்படி மாறியது என்று பார்த்தால், கேட்பதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது விளங்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும், பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் ஆற்றின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பங்கு என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆயினும் ஆற்றங்கரைப் பங்குகளாகிய நம் கையிலும் சில காரியங்கள் உண்டு.

முதலாவது, நம் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று நூறாண்டுக்கும் மேலான ஏடுகள் நம் அலுவலக அலமாரிகளில் இருக்கின்றன. எந்த ஆண்டில் அடக்கங்கள் அதிகம், எந்தக் கிளைப்பங்கு எந்த ஆண்டோடு ஏட்டிலிருந்து மறைந்தது என்று ஒரு இளைஞர் குழு உட்கார்ந்து பார்த்தால், இந்த ஆற்றின் வெள்ள வரலாறு ஓரளவு வெளிவரும். அத்தோடு 1977, 2005, 2018 வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டுக் கோவில் சுவரில் கோடு போட்டு வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை.

இரண்டாவது, நம் கட்டடங்கள். இனிக் கட்டும்போது பெரிதாகக் கட்டுவது அவசியமா என்று பங்குப்பேரவை முதலில் கேட்கட்டும். அவசியம் என்றால் ஆற்றுமணல் வேண்டாம் என்று தீர்மானம் எழுதட்டும். எம்-சாண்டும் மலையை உடைத்து வருவதுதான் என்பதால், அதிலும் சிக்கனம் வேண்டும்.

மூன்றாவது, வெள்ளக் காலத்துக்கு முன்பே தயாராவது. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எத்தனை ஆடு மாடு என்ற பட்டியல் மே மாதமே அன்பியங்களிடம் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் கத்தோலிக்கர் பெயர் மட்டும் இருந்தால் அது நம் பட்டியலே அல்ல. 1701ல் நம் முன்னோரை ஏற்றிக்கொண்ட பரிசல்காரர் நம் மதத்தார்தானா என்று நமக்குத் தெரியாது.

நான்காவது, பேசுவது. வெள்ளம் வந்தபின் நிவாரணம் கொடுப்பதில் திருச்சபை நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. ஏன் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது என்று கேட்பதில் அந்த அளவுக்கு இல்லை. கிராம சபைக் கூட்டத்தில் நம் மக்கள் எழுந்து கேட்கட்டும். குருக்களாகிய நாங்களும் உடன் நிற்க வேண்டும். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, அந்த அம்மாவின் கேள்வியோடு தொடங்கினேன். அவருக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். "ஆமாம் அம்மா, எங்களுக்கு மிச்சமானதுதான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. நாங்கள் உலர்ந்த நிலத்தில் நிற்பதற்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். இத்தனை நாள் இதை நாங்கள் உணரவில்லை." இந்தப் பதில் அவர் வீட்டுத் தரையைக் காய வைக்காது. ஆனால் அடுத்த முறை அந்த அறிவிப்பைப் பீடத்திலிருந்து வாசிக்கும்போது, வாசித்துவிட்டு அறைக்குப் போய்விட என்னால் முடியாது. உங்களாலும் முடியாமல் போகட்டும் என்று அடைக்கல அன்னையிடம் மன்றாடுகிறேன்.

அன்பியக் கூட்டத்தில் சிந்திக்க:

1. நம் பங்கில் வெள்ளம் முதலில் தொடும் வீடு யாருடையது? அந்த வீட்டாரை நாம் கடைசியாகச் சந்தித்தது எப்போது?

2. நம் கோவிலும் நம் வீடும் எந்த மணலில் எழுந்தன?

3. வரும் ஆண்டு மேட்டூர் திறக்கும் முன், நம் அன்பியம் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியம் எது?